நூல் விடுதிக் கொலையும் தோட்டத்துச் சாவும்

துப்பறியும் நாவல்களுள் ஒரு தனி வகை உண்டு. மலைச்சரிவிலோ கடற்கரையிலோ ஒரு பழைய விடுதி, அதன் அறைகளுக்கு எழுத்தாளர்களின் பெயர்கள், கூடமெங்கும் நூலடுக்குகள், புத்தகப் பித்தர்களே விருந்தினர். மழையோ பனியோ வழியை அடைத்துவிடுகிறது. பொழுது விடிந்ததும் நூலறைக் கம்பளத்தின்மேல் ஒரு பிணம் கிடக்கிறது. குருதி மிகுதியாகச் சிந்துவதில்லை; அழுகுரலும் நெடுநேரம் கேட்பதில்லை. தேநீர் ஆறுமுன்னரே விசாரணை தொடங்கிவிடுகிறது. முந்நூறாவது பக்கத்திற்குள் கொலையாளி அகப்படுகிறான்; எஞ்சியோர் மீண்டும் படிக்க அமர்கின்றனர். அச்சமூட்ட வேண்டிய கதை வாசகருக்கு ஆறுதல் ஊட்டி முடிகிறது.

இத்தகைய விடுதி வெறுங்கற்பனையுமன்று. அமெரிக்க நாட்டு ஆரிகன் மாநிலத்தின் நியூபோர்ட் கடற்கரையில் 1987இல் திறக்கப்பட்ட சில்வியா பீச் விடுதியில் அறைகள்தோறும் ஓர் எழுத்தாளரின் பெயர். அகதா கிறிஸ்டியின் பெயரிலும் ஓர் அறையுண்டு. அந்த அம்மையாரே 1926 டிசம்பரில் வீட்டைவிட்டு மறைந்து, பதினொரு நாள் இங்கிலாந்து முழுதும் தேடப்பட்டு, ஹாரோகேட் நகரத்து விடுதியொன்றில் கண்டுபிடிக்கப்பட்டார். இன்று அவ்விடுதிக்குப் புகழ் சேர்ப்பது அந்தப் பதினொரு நாளே.

வடசிலாங்கூரின் செகிஞ்சானிலும் நெல்வயல் ஓரங்களில் விடுதிகள் பெருகியுள்ளன. கோலாலம்பூர்வாசிகள் வார இறுதியில் வருகின்றனர். பச்சை வயலையும் மீன்பிடி படகுகளையும் பார்த்துவிட்டு, மாலையில் சாய்வு நாற்காலியில் ஒரு நாவலைப் பிரிக்கின்றனர். அது மேலே சொன்ன வகை நாவலாகவும் இருக்கக்கூடும். அதிற் குற்றமில்லை. ஆனால் அங்கிருந்து தெற்கே தஞ்சோங் காராங்கைக் கடந்து கோலசிலாங்கூருக்கும், உள்ளே திரும்பிப் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்னும் பழைய பத்தாங் பெர்ஜுந்தைக்கும் செல்லும் சாலையின் இருமருங்கும் தமிழர் நான்கு தலைமுறையாக வாழ்ந்து மடிந்த தோட்டங்கள். நாவலின் நூலறையிற் கிடந்த கற்பனைப் பிணத்திற்கு முந்நூறு பக்க விசாரணை கிடைத்தது. அத்தோட்டங்களில் மடிந்தோரின் சாவுகளுக்கு எத்தனை பக்கம் கிடைத்தது? இலக்கியம் இதற்கு விடை கூற வேண்டும்.

தமிழ் இலக்கிய உலகு துப்பறியும் நாவலைத் திண்ணையோடு நிறுத்திவைத்தே பழகிவிட்டது. வரலாற்றில் அதன் இடமோ சிறிதன்று. பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தது 1894இல். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வெளிவந்து, துப்பறியும் கோவிந்தனை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் தழுவியும் புனைந்தும் ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கினர். பின்னர்த் தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார், சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர், ராஜேஷ்குமார் வந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தோரை முழுநூல் படிப்போராக ஆக்கியதில் இவர்களுக்குள்ள பங்கைப் பல விமரிசகர் ஒப்புவதில்லை. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த அந்த மலிவுப் பதிப்புகள் மலாயாத் தோட்டத்து லயங்களிலும் கைமாறிக் கைமாறி, அட்டை கிழியும்வரை படிக்கப்பட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாடநூலை அடுத்து அறிமுகமான நூல் அதுவே.

எனினும் விமரிசகரின் ஏளனத்தை முற்றிலும் பொய்யென்று தள்ளவும் இயலாது. இந்நாவல் வகையின் பிழை கொலையைப் பேசுவதில் இல்லை. யாருடைய கொலை பேசத்தக்கது என்று அது வகுத்துக்கொண்ட எல்லையில் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். வேலைக்காரனைக் கொலையாளியாக ஆக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஏழைமீது பழிபோடக்கூடாது என்ற இரக்கத்தால் எழுந்த விதியன்று அது. குற்றவாளி ஒரு பொருட்டாக மதிக்கத்தக்க ஆளாக இருத்தல் வேண்டுமாம். வேலைக்காரன் அத்தகைய ஆள் அல்லனாம்! அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் வகுத்தார். கதையிற் சீனர் எவரும் வரலாகாது என்பது ஐந்தாம் கட்டளை. மலிவுக் கதைகளில் ‘மர்மச் சீனர்’ மலிந்து கிடந்ததை எள்ளவே அவர் அதனை எழுதினார் என்பர், உண்மையே. ஆயினும் செகிஞ்சானின் வயலிலும் படகிலும் உழைக்கும் சீனக் குடும்பங்கள் அவ்விதியைப் படித்தால் என்ன எண்ணும்? வில்லனாக வந்தவரைக் கதையைவிட்டே வெளியேற்றினர். மனிதராக உள்ளே அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் குருட்டுத்தன்மையை அவ்வகைக் கதையே ஒருமுறை தன் வாயால் ஒப்புக்கொண்டது. செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியார் கதைகள் 1911இல் நூலாயின. அவற்றுள் ஒன்றில் காவலுக்கு நின்ற நால்வரும் எவரும் வீட்டினுள் நுழையவில்லை என்று சத்தியம் செய்கின்றனர். கொலையாளியோ அவர்கள் கண்முன்னரே நுழைந்து, பிணத்தைச் சுமந்துகொண்டு வெளியேறியவன், அவன் தபால்காரன். தபால்காரனை ஆளாக எண்ணும் வழக்கம் அந்நால்வருக்கும் இல்லை. ஆதலின் அவர்கள் பொய் சொல்லவுமில்லை, உண்மை சொல்லவுமில்லை. நூல் விடுதிக் கதைகளில் படுக்கை விரிப்பவளும் சமையற்காரனும் இன்றுவரை அந்தத் தபால்காரனின் நிலையிலேயே நிற்கின்றனர்.

மலாயா மண்ணில் இந்த வழக்கம் எவ்வாறு நடந்தது என்பதற்கு ஒரு மெய்வழக்கே சான்று. 1911 ஏப்ரல் 23ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் விக்டோரியா பள்ளித் தலைமையாசிரியர் பங்களாவில் எத்தல் புரூட்லாக் என்னும் ஆங்கிலேய மாது வில்லியம் ஸ்டுவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். வழக்கு நடந்தது, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளிக்க, அம்மாது கப்பலேறினார். இக்கதையைக் கேட்டறிந்த சாமர்செட் மாம் ‘கடிதம்’ என்ற சிறுகதையாக்கி 1926இல் நூலில் சேர்த்தார். மறு ஆண்டில் நாடகமாகியது. 1940இல் ஹாலிவுட் படமும் வந்தது. ஒரு பங்களா, ஒரு துப்பாக்கி, ஒரு பிணம்: நூறாண்டு கடந்தும் அதனைப் பற்றி நூல்கள் எழுதப்படுகின்றன. அன்றிரவு வெளியே காத்துநின்ற ரிக்‌ஷாக்காரரும் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அவருடைய வாழ்வைத் தேடி எந்த நாடகமும் புறப்படவில்லை.

கோலசிலாங்கூரை அடுத்தும் நூல் நிறைந்த ஒரு பங்களா வாழ்வு இருந்தது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொன்னியே 1905இல் மலாயா வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். பத்தாங் பெர்ஜுந்தைத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் இவர் நடுவித்த செம்பனையே இந்நாட்டில் வணிக நோக்குடன் நடப்பெற்ற முதற் செம்பனை. தோட்டத்தின் பெயரோ தமிழ். இவர் எழுதிய ‘மலேசி’ நாவலுக்கு 1930இல் பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டக்காரர் ஒருவர் மலாய் மொழியின் பந்தூன்களை நேசித்து, தமிழ்த் தொழிலாளரையும் தம் நாவலுக்குள் கொணர்ந்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்நாவலின் கண் பங்களாத் தாழ்வாரத்திலிருந்தே பார்க்கும் கண். லயத்திலிருந்து பங்களாவை நோக்கும் கண் அதிலில்லை, இருக்கவும் இயலாது. அதனைத் தர வேண்டியவர் லயத்தில் பிறந்த எழுத்தாளரே.

இனி அந்த லயத்தின் பக்கம் வருதல் தகும். துப்பறியும் நாவலுக்கு ஓர் அறம் உண்டு. அதனை அதன் எதிரிகளும் காணவில்லை, அன்பர்களும் காணவில்லை. சாவு நேர்ந்த வீட்டில் சீமானும் பணியாளும் ஒரே கேள்விக்கு விடை கூற வேண்டும்: ‘அன்றிரவு நீ எங்கிருந்தாய்?’ அக்கேள்வியின் முன் பட்டமும் செல்வமும் செல்லாது. தோட்டத்தில் இந்தக் கேள்வி நாள்தோறும் கேட்கப்பட்டது. வைகறை இருளில் பெரட்டுக் களத்தில் கங்காணியும் கிராணியும் பெயர் கூப்பிட்டனர். நேற்று எங்கே போனாய், ஏன் பால் குறைந்தது, யாரைக் கேட்டு வெளியே சென்றாய் என்ற விசாரணை தவறாது நடந்தது. விடை கூற வேண்டியவன் மட்டும் எப்போதும் தொழிலாளியே. துரையை நோக்கி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும் பெரட்டு என்றும் நடக்கவில்லை.

கேட்க முயன்றபோது என்ன நிகழ்ந்தது என்பதை 1941 கிள்ளான் வட்டாரம் அறியும். ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டுமென்றும் கேட்டனர். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். புரூட்லாக் அம்மையாரின் கைத்துப்பாக்கியைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒரு பங்கேனும் அந்தத் துப்பாக்கிகளுக்குக் கிடைத்ததா?

செகிஞ்சானுக்குக் கிழக்கே, சிலாங்கூரின் மலையடிவாரத்தில் உள்ளது பத்தாங் காலி. 1948 டிசம்பர் 12ஆம் நாள் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமற்ற சீனத் தொழிலாளர் 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றனர் என்பது அரசு தந்த விளக்கம். 1970இல் முன்னாள் படைவீரர் சிலரே அது கொலையென்று வாக்குமூலம் தந்தனர். தொடங்கிய விசாரணை அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. இறந்தோரின் உறவினர் இலண்டன் வரை சென்று வழக்காடினர். பொது விசாரணை நடத்தும் கடமை அரசுக்கு இல்லையென்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே பிணம் உண்டு, சாட்சி உண்டு, வாக்குமூலமும் உண்டு. துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. பூட்டிய அறை மர்மங்களை எழுதித் தள்ளிய நாடு, தன் கதவைத் தானே பூட்டிக்கொண்ட மர்மம் இது!

நஞ்சைப் பற்றியும் ஒரு சொல். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போரில் மருந்தகத்தில் பணிபுரிந்து நஞ்சுகளின் இயல்பைக் கற்றார். 1920இல் வந்த அவரது முதல் நாவலிலேயே ஸ்ட்ரிக்னைன் கொலை செய்தது. தோட்டத்து நஞ்சுக்குப் பெயர் பாராகுவாட். பூட்டிய மருந்தகத்தில் அது இருக்கவில்லை. களை அடிக்கும் பெண்களின் முதுகுத் தோம்பில் இருந்தது. கண் எரிந்தது, நகம் கெட்டது, மூக்கில் குருதி வடிந்தது. மனமுடைந்தோர் சிலருக்கு அதுவே கைக்கெட்டிய சாவாகவும் அமைந்தது. 2002இல் தெனாகானித்தா அமைப்பு தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வாண்டில் அரசு பாராகுவாட்டுக்குத் தடை விதித்தது. 2006இல் தடை நீங்கியது. 2020 சனவரி முதல் நாள் மீண்டும் முழுத்தடை வந்தது. தடை வந்து, போய், திரும்பி வந்ததற்கிடையே யார் யாரிடம் என்ன பேசினர், எந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணின் நுரையீரல் கெட்டது? இதனினும் சிக்கலான மர்மத்தை எந்த நூல் விடுதி தரவல்லது? ஆய்வறிக்கை எழுதியோர் தம் கடமையைச் செய்தனர். நாவலாசிரியரின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

இங்கேதான் குற்றச்சாட்டு மலேசியத் தமிழ் எழுத்தின்மீதே திரும்புகிறது. தோட்டத்துத் துயரத்தை அது பாடாமலில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வெளிவந்து, சப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் கொடுமையை நிலைநிறுத்தியது. கஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் தாங்கி வரிசையாக நிற்க, அங்கு மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லாத குறையை ஒரு நாவல் ஓரளவேனும் தீர்த்தது. இத்தகைய படைப்புகளை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் தோட்டத்துக் கதைகளுள் பெரும்பாலானவற்றின் முடிவு ஒரே வார்ப்பு. ஆற்றில் ஒரு பெண் மிதக்கிறாள். கிணற்றடியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான். லயமே திரண்டு அழுகிறது. விதியென்றும் வறுமையென்றும் கள்ளென்றும் ஒரு காரணம் கூறப்பட்டுக் கதை முடிகிறது. இறந்தவரை அக்கதைகள் நேசிக்கின்றன, ஆனால் விசாரிப்பதில்லை. நூல் விடுதிக் கதை விசாரிக்கிறது, ஆனால் நேசிப்பதில்லை. ஒன்றில் ஒப்பாரி மட்டும், மற்றொன்றில் துப்பு மட்டும். இரண்டையும் கூட்டிய படைப்பே இன்று வேண்டப்படுவது.

இது மேலைநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்யும் வேலை என்று எவரேனும் முனகின், அவர் சிலப்பதிகாரத்தை மீண்டும் பிரித்துப் பார்த்தல் நன்று. மதுரையில் ஒருவன் கள்வனென்று பழிசுமத்தப்பட்டு, ஆராயாது கொல்லப்படுகிறான். கண்ணகி அழுகிறாள், அழுகையோடு நிற்கவில்லை. அரசவை ஏறுகிறாள், கொலையுண்டவன் தன் கணவனென்று நிறுவுகிறாள், கோப்பெருந்தேவியின் சிலம்பில் உள்ளது எதுவென்று மன்னன் வாயாலேயே கூறச் செய்கிறாள், பின்னர்த் தன் சிலம்பை உடைக்கிறாள். முத்தென்று சொன்ன இடத்தில் மாணிக்கம் தெறிக்கிறது. எதிரியின் வாக்குமூலத்தை முதலில் பெற்று, அதன்பின் தடயத்தைக் காட்டும் இம்முறையை எந்தத் துப்பறிவாளன் விஞ்சினான்? தமிழின் முதற்காப்பியமே ஒரு தவறான கொலைத் தண்டனையை விசாரணையால் வெளிப்படுத்துகிறது. அதனை நடத்தியவள் அயலூரிலிருந்து வந்த, கையில் ஒற்றைச் சிலம்பன்றி வேறொன்றும் இல்லாத ஒரு பெண். அவ்வழியை மறந்து, அவள் கண்ணீரை மட்டும் மரபென்று கொண்டது பின்வந்தோரின் பிழை.

மற்றொரு மறுப்பு இன்னும் கனமானது. மெய்யான சாவுகளை மர்மக் கதையாக்குவது இறந்தோரை விற்றுப் பிழைப்பதாகாதா? ஆம், ஆகக்கூடும். திடுக்கிடும் திருப்பத்துக்காக ஒரு தோட்டத்துப் பெண்ணின் பிணத்தை அட்டைப்படமாக்கினால் அது கயமையே. ஆனால் அதற்கு அஞ்சிக் கேளாமலே விட்டால், ‘தப்பியோட முயன்றனர்’ என்ற விளக்கமே வரலாறாக நிலைத்துவிடும். இட்டுக்கட்டிய கொலையாளியை மெய்ம்மனிதர் தலையில் கட்டுவதும் நாவலின் வேலையன்று. கேள்விகளை வரிசைப்படுத்துவதே அதன் வேலை: கடைசியாகப் பார்த்தவர் யார், டிரஸர் எழுதிய சீட்டில் என்ன இருந்தது, கிராணியின் பேரேட்டில் எந்த நாளின் பக்கம் இல்லை, சாவினால் யாருக்கு என்ன மிச்சமாயிற்று?

இதற்கான களம் வடசிலாங்கூரில் ஆயத்தமாகவே உள்ளது. ரப்பர் செம்பனையாகி, லயங்கள் பல இடிந்து, குடும்பங்கள் தாமானுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆயினும் வெளித்திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் சிலர் உளர். செகிஞ்சான் வயலோரத்தில் ஒரு நூல் விடுதியை எழுத்தாளர் கற்பனை செய்யட்டும், குற்றமில்லை. விருந்தினரின் கம்பளத்தைக் கூட்டும் தோட்டத்துப் பெண்ணும், அங்கு மீன் கொண்டுவரும் சீனரும், நெல் மூட்டை ஏற்றும் மலாய்க்காரரும் கதையில் கண்ணுக்குத் தெரியும் ஆட்களாக நடமாடட்டும். விடுதி எழுந்த நிலத்தடியில் எவருடைய சாவு புதைந்து கிடக்கிறது என்று அந்தப் பெண்ணே கேட்கட்டும். வாசகர் அப்போதும் இரவு முழுதும் கண்விழித்துப் படிப்பர்.

முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்களோடு சாட்சியமும் சுடுகாடு சேர்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு இந்த ஆண்டே சென்று அமர்தல் வேண்டும். ஏட்டைத் திறந்து, அந்தப் பழைய பெரட்டுக் கேள்வியைத் திசை மாற்றிக் கேட்டல் வேண்டும்: அன்று துரை எங்கிருந்தார்?